தலைக்கணக்கும் வாக்கு நாணயமும்: ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வந்த இரு பாதிரிமார்

இந்தியக் கிறித்தவம் பற்றிய கல்விப்புல உரையாடல் எங்குத் தொடங்கினாலும் எண்ணிக்கையில் வந்து முடிகிறது. எத்தனை பேர் சேர்ந்தனர், எந்தச் சாதியிலிருந்து சேர்ந்தனர், எந்தப் பஞ்சத்தின்போது சேர்ந்தனர் என்பவையே அங்கு வினாக்கள். திருச்சபை வரலாற்றை எழுதிய மறைப்பணியாளர்களும் தலைகளையே எண்ணினர். அவர்களை ஐயுற்று எழுதுவோரும் தலைகளையே எண்ணுகின்றனர். முன்னவர் அந்தக் கணக்கை வெற்றி என்றனர். பின்னவர் அதனைச் சூழ்ச்சி என்கின்றனர். இரு தரப்புக்கும் அளவுகோல் ஒன்றே. ஒரு நம்பிக்கையை ஏற்றவர் அதன்பின் அண்டை வீட்டாரிடம் எப்படிப் பேசினார், கூலியை எப்போது கொடுத்தார், கொடுத்த வாக்கை என்ன செய்தார், யாரோடு அமர்ந்து உண்டார் என்னும் வினாக்கள் பக்தி நூல்களுக்கு உரியவை என ஒதுக்கப்படுகின்றன. இந்த ஒதுக்கல் பெரும் பிழை. தமிழ் நிலத்திலும் கன்னட நிலத்திலும் கிறித்தவம் பெற்ற மதிப்பும் இழந்த மதிப்பும் பெரும்பாலும் இந்த ஒதுக்கப்பட்ட இடத்திலேயே முடிவாயின.

இது ஆவணக் காப்பகத்தோடு முடிந்துவிடும் செய்தியும் அன்று. கர்நாடகத்தில் 2022-இல் நடைமுறைக்கு வந்த மதச் சுதந்திர உரிமைப் பாதுகாப்புச் சட்டம், மதமாற்றத்துக்கான ஆசைகாட்டல் எது என்பதை விரிவாக வரையறுத்தது. பரிசுப்பொருள், வேலைவாய்ப்பு, சமய அமைப்பு நடத்தும் பள்ளியில் இலவசக் கல்வி, மேம்பட்ட வாழ்க்கை முறை ஆகியவை அந்த வரையறைக்குள் அடங்கின. 2023 ஜூன் மாதத்தில் அச்சட்டத்தைத் திரும்பப் பெறுவதென மாநில அமைச்சரவை முடிவெடுத்தது. ஆயினும் அந்த வரையறைக்குப் பின்னிருக்கும் எண்ணம் திரும்பப் பெறப்படவில்லை. ஒரு கிறித்தவர் செய்யும் ஈரமுள்ள செயல் ஒவ்வொன்றும் முதலில் தன் நோக்கத்தை மெய்ப்பிக்க வேண்டும் என்பதே அந்த எண்ணம். அதனை உருவாக்கியதில் சட்டம் இயற்றியோருக்கு மட்டும் பங்கில்லை. தலைக்கணக்கையே வரலாறாக எழுதிவைத்த திருச்சபைக்கும், அதனை ஆராயாமல் கைமாற்றிக்கொண்ட கல்விப்புலத்துக்கும் பங்குண்டு.

மைசூரு நகரின் பழைய பகுதிகளுள் ஒன்று இன்றும் அக்ரஹாரம் என்றே வழங்கப்படுகிறது. அந்தணர்க்குக் கொடையாக அளிக்கப்பட்ட குடியிருப்பு என்பது அச்சொல்லின் பழம்பொருள். யாருக்கு எந்தத் தெருவில் இடம் உண்டு, யார் எந்த எல்லையில் நின்றுவிட வேண்டும் என்னும் ஒழுங்கு முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. அங்கிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் ஸ்ரீரங்கப்பட்டணம். இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட இடைவெளியில் அந்தக் கோட்டை நகருக்கு இரு ஐரோப்பியப் பாதிரிமார் வந்தனர். ஒருவர் சில வாரங்கள் தங்கினார். மற்றவர் மைசூர் நாட்டிலேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். நடத்தையால் வாழப்படும் நம்பிக்கை என்றால் என்ன என்பதையும், அது எங்குத் தோற்கிறது என்பதையும் அறிய இவ்விருவரின் வரலாறு போதும்.

முதலாமவர் கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ். 1726-இல் பிராண்டன்பர்க் நாட்டுச் சோனன்பர்க்கில் பிறந்து, 1750-இல் தரங்கம்பாடியில் இறங்கி, திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சாவூரிலும் வாழ்ந்து, 1798-இல் தஞ்சையில் மறைந்தவர். தமிழோடு பாரசீகம், இந்துஸ்தானி, மராத்தி ஆகியவற்றையும் கற்றவர். 1779-இல் சென்னை ஆளுநர் தாமஸ் ரம்போல்டு அவரை ஐதர் அலியிடம் தூதனுப்பினார். கம்பெனியின் அமைதி நோக்கத்தை ஐதருக்கு உணர்த்துவது அவருக்கு இடப்பட்ட பணி. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஐதர் அவரை மதிப்புடன் வரவேற்றார். ஐதரின் படையிலிருந்த ஐரோப்பியருக்கும் தமிழருக்கும் வழிபாடு நடத்த அவருக்குத் தடையிருக்கவில்லை. கம்பெனித் தூதர்களை நம்பாத ஐதர், இந்தக் கிறித்தவரை அனுப்புங்கள், அவர் ஏமாற்றமாட்டார் என்னும் பொருள்படக் கூறியதாகப் பிற்கால வாழ்க்கை வரலாறுகள் எழுதுகின்றன. அந்தச் சொற்களை அப்படியே ஏற்பதற்கு வரலாற்று மாணவர் எவரும் தயங்குவர், தயங்கவும் வேண்டும். ஆனால் சொற்களை விலக்கினாலும் செயல்கள் எஞ்சுகின்றன. வழிச்செலவுக்கு ஐதர் கொடுத்த 300 ரூபாயைச் சுவார்ட்ஸ் சென்னை அரசிடம் ஒப்படைத்தார். அவரே வைத்துக்கொள்ளலாம் என்று அரசு கூறியதும் அதைத் தஞ்சையில் ஒரு தருமப் பள்ளிக்கு அளித்தார். அடுத்த ஆண்டு போர் மூண்டு கர்நாடகச் சமவெளி எரிந்தபோது, இந்தப் பாதிரியாரைத் தடையின்றிப் போகவிட வேண்டும் என்று ஐதர் தம் படையினருக்கு ஆணையிட்டிருந்தார்.

தூது தோற்றது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1780-இல் இரண்டாம் மைசூர்ப் போர் தொடங்கியது. சுவார்ட்ஸ் பேசியது உண்மையாயினும், யாருக்காகப் பேசினாரோ அவர்களின் வாக்கில் உண்மை இல்லை. தனிமனிதனின் நாணயத்தை நிறுவனம் கடன் வாங்கிச் செலவழித்துவிட்டது. இன்சொல்லைப் போற்றுவோர் இந்த இடத்தைக் கடந்துபோகக் கூடாது. நேர்மையானவரின் வாயை நேர்மையற்ற அதிகாரம் வாடகைக்கு எடுக்கும்போது அவருடைய நேர்மையே அதிகாரத்துக்குத் திரையாகிறது. கம்பெனியின் தூதராகப் போக ஒப்புக்கொண்டதில் சுவார்ட்ஸ் கொடுத்த விலை இது. காலனியத் திறனாய்வாளர் இதைச் சுட்டுவது முற்றிலும் நியாயம்.

ஆனால் அவர்களுள் பலர் இதோடு நிறுத்திக்கொள்கின்றனர். அதே போரின்போது தஞ்சையில் நிகழ்ந்ததை அவர்களின் சட்டகத்தால் விளக்க இயலவில்லை. கோட்டைக்குள் பட்டினி. சுற்றுப்புறத்தில் நெல் இருந்தது. அதைக் கொண்டுவர மாடுகள் இல்லை. குடியானவர்கள் மாடு தர மறுத்தனர். முன்பு கொடுத்ததற்கு விலையும் கூலியும் வந்து சேராததே காரணம். அரசரின் சொல்லும் கம்பெனியின் சொல்லும் ஊரில் செல்லாக்காசாகியிருந்தன. அப்போது சுவார்ட்ஸ் தம் பெயரில் வாக்குக் கொடுத்தார். இரண்டு மூன்று நாள்களில் ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. உரியவர்களுக்குப் பணமும் கொடுக்கப்பட்டது. பின்னொரு சமயம், கொடுமை தாங்காமல் ஊரைவிட்டு வெளியேறிய உழவர்களை அரசர் அழைத்தபோது எவரும் திரும்பவில்லை; சுவார்ட்ஸ் உறுதி கொடுத்தபின் ஏழாயிரம் பேர் திரும்பினர். மாடு கொடுத்தவர்களும் ஊர் திரும்பியவர்களும் அதற்காக ஞானஸ்நானம் பெற்றவர்கள் அல்லர். அவர்கள் திருவிவிலியத்தை நம்பவில்லை. அதை நம்பிய ஒருவரின் சொல்லை நம்பினர். மறைப்பணிப் பதிவேட்டில் இந்த நம்பிக்கைக்கு ஒரு வரியும் கிடையாது. ஆய்வேடுகளிலும் இதற்குரிய கலைச்சொல் கிடையாது.

சரபோஜி மன்னர் இதற்கு இன்னும் கூர்மையான சான்று. இளமையில் சுவார்ட்ஸின் பாதுகாப்பில் வளர்ந்தவர் அவர். தந்தையிடம் காட்டும் அன்பை அவரிடம் காட்டினார். சுவார்ட்ஸ் மறைந்தபின் பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு சலவைக்கல்லில் நினைவுச்சின்னம் செய்வித்துத் தஞ்சைத் தேவாலயத்தில் நிறுவினார். இறுதிவரை தம் முன்னோர் சமயத்திலேயே வாழ்ந்தார். தலைக்கணக்கின்படி சரபோஜி ஒரு தோல்வி. சூழ்ச்சிக் கோட்பாட்டின்படி அவர் புரியாத புதிர். அத்தனை ஆண்டுகள் ஓர் அரச வாரிசைக் கையில் வைத்திருந்தும் மதம் மாற்றாத பாதிரியாரை அக்கோட்பாடு எங்கே வைக்கும்? அவருடைய அரியணை உரிமைக்காகச் சுவார்ட்ஸ் வாதாடியது கம்பெனிக்கும் பயன்பட்டது. 1799-இல் தஞ்சையின் ஆட்சி அதிகாரம் கம்பெனியின் கைக்குப் போனது. இரண்டும் ஒரே மனிதரின் வரலாறே. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது ஆய்வாகாது.

இரண்டாமவர் அபே துபுவா. 1792-இல் பிரான்சைவிட்டு இந்தியா வந்தவர். திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்தபின், சிதறுண்டு கிடந்த கத்தோலிக்கரை மீண்டும் ஒன்றுதிரட்ட ஸ்ரீரங்கப்பட்டணம் சென்றார். உள்ளூர் உடை உடுத்தி, உள்ளூர் உணவு உண்டு வாழ்ந்த அவரை மக்கள் ‘தொட்ட சுவாமி’ என அழைத்தனர். ஹாசனை அடுத்த சாத்தள்ளியில் வேளாண் குடியிருப்பு அமைத்தார். பெரியம்மை கொன்று குவித்த காலத்தில் அம்மைப்பால் குத்தும் முறையை ஊர் ஊராகக் கொண்டுசென்றார்; இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அவர் முயற்சியால் அம்மைப்பால் குத்தப்பட்டது. இந்துக்களின் பழக்கவழக்கங்கள் பற்றிய அவருடைய கையெழுத்துப்படியைக் கம்பெனி 1807-இல் 2,000 வராகன் கொடுத்து வாங்கியது. 1816-இல் அது ஆங்கிலத்தில் வெளிவந்தது. அந்நூலின் பெரும்பகுதி கேர்து என்னும் இயேசுசபைத் துறவி முன்பே எழுதியவற்றைத் தழுவியது என்பதை 1987-இல் சில்வியா மூர் நிறுவினார்.

1823-இல் துபுவா பாரிசுக்குத் திரும்பினார். அதே ஆண்டு இந்தியாவில் கிறித்தவத்தின் நிலை பற்றிய அவருடைய கடிதங்கள் இலண்டனில் அச்சாயின. இந்துக்களை மதம் மாற்றுவது இயலாத செயல் என்பது அவற்றின் முடிவு. இத்தனை ஆண்டு உழைப்பில் தாம் சேர்த்தவர் இருநூறுக்கும் முந்நூறுக்கும் இடைப்பட்டோரே என்றார். அவர்களிலும் மூன்றில் இரு பங்கினர் தீண்டப்படாதோரும் இரந்துண்போருமே என்று சலித்துக்கொண்டார். ஜேம்ஸ் ஹஃப், ஹென்றி டவுன்லி ஆகியோர் 1824-இல் மறுப்பு நூல்கள் எழுதினர். மதமாற்றம் இயலுமா இயலாதா என்பதே விவாதமாயிற்று. அந்த இருநூறு முந்நூறு பேரைப் பற்றிக் கூறப்பட்ட சொல்லின் தரம் விவாதப்பொருளாகவில்லை.

இங்குதான் துபுவாவின் உண்மையான தோல்வி இருக்கிறது. அவர் சேர்த்தது குறைவு என்பது தோல்வியன்று. பிணியாளரின் கையைத் தொட்டு மருந்தேற்ற வழிசெய்த ஒருவர், தம் சபையின் ஏழைகளை எழுத்தில் எண்ணிக்கைக்கும் தகாதவர்களாக ஆக்கினார். செயலில் இருந்த ஈரம் சொல்லில் இல்லை. பெத்லகேமின் தொழுவத்தில் தொடங்கிய ஒரு சமயத்தின் குரு, ஏழைகளே வந்தனர் என்று வருந்துவது எவ்வளவு பெரிய தலைகீழ்ப் புரட்டு! அக்ரஹாரத்தின் மதிப்பைப் பெறுவதே அவருக்கு வெற்றியின் அளவாக இருந்திருக்கிறது. அது கிடைக்காதபோது, கிடைத்த மனிதர்கள் அவர் கண்ணுக்குச் சிறியவர்களாயினர்.

இந்த அளவு அவரோடு தோன்றியதன்று. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட்டோ தெ நொபிலி துறவியர் கோலம் பூண்டு உயர்சாதியாரிடையே பணியாற்றினார். ஒடுக்கப்பட்டோருக்கெனப் பண்டார சுவாமிகள் என்னும் தனிப்பிரிவுக் குருக்கள் பின்னர் ஏற்பட்டனர். பண்பாட்டு மதிப்பு என்று இன்று பாராட்டப்படும் அந்த அணுகுமுறைக்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தவர்கள் சேரிக் கிறித்தவர்கள். சீர்திருத்த சபையினரும் இதற்கு விலக்கல்லர். சுவார்ட்ஸின் காலத்துத் தேவாலயங்களிலும் சாதிவாரி இருக்கைகள் தொடர்ந்தன. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சாதியைத் திருச்சபைக்குள் அறவே விலக்கவேண்டும் என ஆணையிட்டபோது வேப்பேரியிலும் தஞ்சையிலும் எதிர்ப்பு எழுந்தது. சாதி வழக்கத்துக்கு ஆதரவாக எழுதியவர்களுள் முதன்மையானவர் வேதநாயக சாஸ்திரியார். சுவார்ட்ஸின் அன்பு மாணவர். தமிழ்க் கிறித்தவ இசைக்குப் பெருங்கொடை அளித்தவர். ஆசிரியரின் கனிவு மாணவரை எட்டியது. அந்தக் கனிவு தொடாமல் விட்ட இடமும் அப்படியே மாணவரை எட்டியது.

ஆகவே, அன்றாட நடத்தையும் கனிவான பேச்சுமே உண்மையான சாட்சியம் என்று மேடைதோறும் கூறுவோருக்கு ஒரு கேள்வி உண்டு. எந்த நடத்தை? யாரிடம் பேசும் பேச்சு? இன்று பல சபைகளில் இன்சொல் என்பது பூசல் எழாமல் பார்த்துக்கொள்ளும் கலையாகச் சுருங்கிவிட்டது. வணக்கம் சொல்லுதல், புன்னகைத்தல், குரல் உயர்த்தாதிருத்தல் போன்ற நல்ல பழக்கங்களே நம்பிக்கையின் முழு வடிவம் எனக் கற்பிக்கப்படுகின்றன. 2008 மார்ச்சில் எறையூரில் கிறித்தவருக்கும் கிறித்தவருக்கும் இடையே சாதி மோதல் வெடித்துக் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. திருச்சி மேலப்புதூரில் இறந்தவர்களையும் சாதியால் பிரிக்கக் கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுந்தது. தன் சபைக்குள் சாதிப் பாகுபாடு நிலவுவதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் தலித் மேம்பாட்டுக் கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. இத்தகைய சுவரின் இருபுறமும் நின்று கனிவாகப் பேசிக்கொள்வது எளிது. அப்பேச்சு சுவரைக் காக்கிறது, வேறெதையும் செய்வதில்லை.

நூல்களின் வைப்புமுறையே இதற்குத் தீர்ப்புச் சொல்கிறது. புதிய ஏற்பாட்டில் யாக்கோபின் திருமுகம் நாவடக்கம் பற்றிப் பேசுவதால் புகழ்பெற்றது. அது மூன்றாம் அதிகாரம். அதற்கு முன்னுள்ள இரண்டாம் அதிகாரம் எதைப் பேசுகிறது? வழிபாட்டுக் கூட்டத்தில் செல்வனுக்கு நல்ல இருக்கையும் ஏழைக்குத் தரையும் தரும் ஓரவஞ்சனையைக் கண்டிக்கிறது. செயலற்ற நம்பிக்கை செத்தது என்கிறது. இருக்கையைச் சரிசெய்தபின்பே நாவைப் பற்றிய பாடம். திருக்குறளிலும் இதே ஒழுங்கு காணப்படுகிறது. அன்புடைமை எட்டாம் அதிகாரம், விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம், இனியவை கூறல் பத்தாம் அதிகாரம். இலையிட்டு அமர்த்தியபின் வரும் சொல்லே அங்கு இன்சொல். அச்சொல்லிலும் வஞ்சனை கலக்கக் கூடாது. அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர் முதலாகப் பாதிரிமார் பலர் இந்நூலைப் போற்றினர். இந்த வரிசையைத் தம் சபைகளில் நடைமுறையாக்கியவர் எத்தனை பேர் என்பதே கேட்கப்பட வேண்டிய எண்ணிக்கை.

கனிவான பேச்சு எப்போதும் மென்மையான பேச்சாக இருக்கும் என்பதும் தவறான கருத்து. பிற இனத்தாரோடு உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆள்கள் வந்ததும் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய திருமுகம் இதனைப் பதிவு செய்கிறது. பேதுருவின் செவிக்கு அந்தப் பேச்சு கடுமையாகத்தான் ஒலித்திருக்கும். பந்தியில் விடப்பட்டவர்களுக்கு அதைவிடக் கனிவான பேச்சு இருந்திருக்க முடியாது. சொல்லின் இனிமையை அளப்பதற்கு, பேசுபவரின் குரலையும் உயர்ந்த இடத்தில் இருப்பவரின் மனநிறைவையும் விட்டுவிட்டு, இலை கிடைக்காதவரின் நிலையைப் பார்க்க வேண்டும்.

‘அப்படியானால் அன்றாட ஒழுக்கம் என்பதெல்லாம் வெறும் நடுத்தர வர்க்க நாகரிகம்; சமூகக் கட்டமைப்பை மாற்றுவதே வேலை’ என்று சில மாணவர்கள் வாதிடலாம். அதையும் ஏற்க இயலாது. தஞ்சை உழவனுக்குக் கட்டமைப்பு என்பது மாட்டுக்குக் கூலி வருமா வராதா என்பதில்தான் முகம் காட்டியது. அரசு எத்தனை ஆணை பிறப்பித்தும் அசையாத மாடுகள், ஏமாற்றாத ஒருவரின் வாக்குக்கு அசைந்தன. நீதி பேசும் இயக்கங்களும் வாக்குத் தவறுவோரைக் கொண்டு நடைபெற முடியாது. தன் வீட்டுப் பணிப்பெண்ணின் கூலியை இழுத்தடிக்கும் சமூகநீதி ஆய்வாளரும், இனிக்க இனிக்கப் பேசித் தனிக் கல்லறை கேட்கும் சபைமூப்பரும் ஒரே நோயின் இரு வடிவங்கள். முன்னவர் கொள்கைக்குள் ஒளிந்துகொள்கிறார். பின்னவர் மரியாதைக்குள் ஒளிந்துகொள்கிறார்.

கல்விப்புலம் செய்ய வேண்டிய வேலை தெளிவானது. ஞானஸ்நானப் பதிவேடுகளைப் போலவே அடக்கப் பதிவேடுகளையும் வாசிக்க வேண்டும். யார் எங்குப் புதைக்கப்பட்டனர் என்பது அங்கே இருக்கிறது. மறைப்பணி நிலையங்களின் கணக்கேடுகளில் சமையற்காரருக்கும் தோட்டக்காரருக்கும் கூலி எந்த நாளில் வழங்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். கிறித்தவரல்லாத அண்டை வீட்டார் அவர்களைப் பற்றி விட்டுச்சென்ற வழக்காடுமன்றப் பதிவுகளும் மனுக்களும் வாய்மொழிச் செய்திகளும் தொகுக்கப்பட வேண்டும். அக்ரஹாரத்திலும் சேரியிலும் ஒரே பாதிரியார் ஒரே மாதிரிப் பேசினாரா என்பது விடையுள்ள வினா. தலைகளை எண்ணுவதைவிட இது கடினமான ஆய்வு. ஆயினும் மதமாற்றம் என்ற ஒற்றைச் சொல்லைச் சுற்றிவரும் விவாதத்துக்கு இதனால் மட்டுமே புதிய சான்று கிடைக்கும்.

திருச்சபை செய்ய வேண்டியதும் தெளிவானதே. சட்டம் தன் கனிவை ஐயுறுகிறது என்று முறையிடும் சபைக்கு அந்த முறையீட்டுக்கான உரிமை உண்டு. அந்த ஐயத்துக்குப் பதில் தரும் ஆற்றலும் அதனிடமே இருக்கிறது. சேர்ந்தவர் எத்தனை பேர் என்று ஆண்டறிக்கையில் பெருமையாக அச்சிடுவதை முதலில் நிறுத்தட்டும். பிறகு கல்லறைச் சுவர்களை இடிக்கட்டும். கிறித்தவப் பள்ளியின் துப்புரவுப் பணியாளருக்கும் முதல்வருக்கும் ஒரே மேசையில் உணவு பரிமாறட்டும். இவற்றைச் செய்தபின் இன்சொல் பற்றிய பிரசங்கத்தைத் தொடங்கலாம். அதுவரை அந்தப் பிரசங்கத்தைக் கேட்க வேண்டியவர்கள் வெளியே இருப்பவர்கள் அல்லர், முன்வரிசையில் அமர்ந்திருப்பவர்களே.